எல்லையோர நிலத்தில் தோட்டப்பயிர் நுழைந்தால் எது எங்கே நகர்கிறது: அளந்து அறியும் வழிமுறை

ஒரு மலைச்சரிவில் எத்தனை ஹெக்டேர் ரப்பர் நட்டார்கள் என்பதை ஒரு வாரத்தில் கணக்கெடுத்துவிடலாம். அதே இடத்தில் முன்பு விதைத்தவர்களும் மாடு மேய்த்தவர்களும் இப்போது எங்கே விதைக்கிறார்கள், எங்கே மேய்க்கிறார்கள் என்று கேட்டால்தான் வேலை கடினமாகிறது. எல்லைப் பகுதிகளில் இந்தக் கேள்வியை விட்டுவிட முடியாது. அங்கே நிலப் பதிவு அரைகுறையாக இருக்கும், பட்டா இல்லாமல் வழக்கத்தால் ஆண்ட நிலம் அதிகம், வாங்குபவரும் முதல் போடுபவரும் பெரும்பாலும் எல்லைக்கு அப்பால் இருப்பார்கள். தோட்டத்தை மட்டும் அளந்து நிறுத்தினால் பாதிக் கணக்குதான் கிடைக்கும்.

கீழே உள்ள முறைக்கு ஒரு கணினி, இலவச வரைபட மென்பொருளான கியூஜிஐஎஸ், செயற்கைக்கோள் படங்களை இணையத்திலேயே அலச உதவும் கூகுள் எர்த் எஞ்சினில் ஒரு கணக்கு, இலவசச் செயற்கைக்கோள் படங்கள், இரண்டு மூன்று வாரக் களப்பணி ஆகியவை போதும்.

எவ்வளவு அகலம் பார்ப்பது

எல்லைக்கோட்டின் இருபுறமும் 20 கிலோமீட்டர் எடுத்து, 0–5, 5–10, 10–20 என மூன்று பட்டிகளாகப் பிரியுங்கள். இது தொடக்க அளவுதான். உண்மையான அகலத்தைப் பயிரே தீர்மானிக்கும். எண்ணெய்ப்பனையின் (மலேசியத் தமிழர் வழக்கில் செம்பனை) பழக்குலையை வெட்டிய 24 மணி நேரத்துக்குள் ஆலையில் சேர்க்க வேண்டும். தாமதித்தால் எண்ணெயில் கொழுப்பமிலம் ஏறித் தரம் கெடும். ஆகவே எண்ணெய்ப்பனைக்கு எல்லையிலிருந்து எவ்வளவு தூரம் என்பதைவிட ஆலையிலிருந்து சாலைவழி எவ்வளவு தூரம் என்பதே முக்கியம். தேயிலைக் கொழுந்தும் அன்றன்றே தொழிற்சாலை சேர வேண்டியது. ரப்பர் அப்படியல்ல. கிண்ணத்தில் உறைந்த ரப்பர் கட்டியை வாரக்கணக்கில் வைத்திருந்து, வண்டி வரும்போது ஏற்றலாம். அதனால்தான் நல்ல சாலை இல்லாத எல்லைக் கிராமத்துக்குள்ளும் ரப்பர் நுழைந்துவிடுகிறது.

ஆலை ஒன்று வருகிறது என்று கேள்விப்பட்டால் அதன் கொள்ளளவிலிருந்து நிலத் தேவையைக் கணக்கிட்டுவிடலாம். மணிக்கு 30 டன் குலை அரைக்கும் ஆலை நாளுக்கு 20 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் ஓடினால் 1,80,000 டன் வேண்டும். ஹெக்டேருக்கு 20 டன் விளைச்சல் என்று வைத்தால் 9,000 ஹெக்டேர். விளைச்சல் 12 டன்தான் என்றால் 15,000. நட்டது இதைவிடக் குறைவாக இருந்தால் ஆலை பசியோடு இருக்கிறது என்று பொருள். சுற்றியுள்ள நிலத்தின் மேல் அழுத்தம் தொடரும்.

எல்லைக்கோட்டை எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்பதில் கவனம் வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் எல்லைக் கோப்புகள் ஒன்றோடொன்று நூற்றுக்கணக்கான மீட்டர் வேறுபடும். ஆறு எல்லையாக இருந்தால் ஆறு நகர்ந்திருக்கும், கோடு நகர்ந்திருக்காது. பழைய இந்திய நில வரைபடங்கள் எவரெஸ்ட் என்ற பழைய அளவை அடித்தளத்தில் வரையப்பட்டவை. அவற்றைச் செயற்கைக்கோள் படங்கள் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84 அடித்தளத்துக்கு மாற்றாமல் படத்தின்மேல் போட்டால் எல்லாமே தள்ளி நிற்கும். இரு நாடுகளை ஒப்பிடும்போது கோட்டின் இருபுறமும் 500 மீட்டரை ஒப்பீட்டிலிருந்து விலக்கிவிடுங்கள்.

விலக்கிய அந்தத் துண்டைத் தூக்கி எறிய வேண்டாம். இந்திய–வங்கதேச எல்லையில் வேலி பொதுவாகக் கோட்டிலிருந்து 150 கெஜம், அதாவது ஏறக்குறைய 137 மீட்டர் உள்ளே தள்ளி நிற்கிறது. வேலிக்கு அப்பாலுள்ள சொந்த நிலத்துக்குப் போக, குறிப்பிட்ட நேரத்தில் திறக்கும் வாயிலை நம்ப வேண்டும். தினமும் பார்க்க வேண்டிய பயிருக்கும் சில நாள் விட்டுப் பார்த்தால் போதும் என்ற பயிருக்கும் இடையே உழவர் தேர்வு செய்வதில் அந்த வாயிலுக்கும் பங்கு உண்டா என்று கேட்டுப் பாருங்கள். அமெரிக்காவின் லாண்ட்சாட் செயற்கைக்கோள் படத்தில் ஒரு புள்ளி 30 மீட்டர், ஆகவே 137 மீட்டர் என்பது நாலரைப் புள்ளிதான். அதைத் தனியாக, 10 மீட்டர் புள்ளியுள்ள படத்தில் பார்க்க வேண்டும்.

எந்த ஆண்டுகளை எடுப்பது

1990, 2000, 2010, 2020 என்று பத்துப் பத்தாக எடுப்பது பழக்கம். அது சோம்பேறித்தனமான பழக்கமும்கூட. நிலத்தைத் திருப்பிய நிகழ்வுகளைச் சுற்றி ஆண்டுகளைத் தேர்ந்தெடுங்கள். வடக்கு லாவோசை எடுத்தால், லுவாங் நம்தா மாகாணத்தில் ஹட் நியாவ் கிராமத்தார் ரப்பர் நடத் தொடங்கியது 1994-இல். லாவோஸ், மியான்மர் எல்லைப் பகுதிகளில் அபினிக்கு மாற்றுப்பயிர் என்ற பெயரில் தன் நாட்டு நிறுவனங்களுக்குச் சீனா தனி நிதி ஒதுக்கியது 2006-இல். உலகச் சந்தையில் ரப்பர் விலை உச்சம் தொட்டுச் சரியத் தொடங்கியது 2011-இல். இந்த மூன்றுக்கும் முன்னும் பின்னும் ஒவ்வொரு படம் இருந்தால் கதை தெளியும். பத்தாண்டுப் படங்களில் எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடும்.

படங்களைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டியவை: லாண்ட்சாட் 5 1984 முதல், 7 1999 முதல், 8 2013 முதல், 9 2021 முதல். இவற்றில் எதை எடுத்தாலும் புள்ளி அளவு 30 மீட்டர். ஐரோப்பாவின் சென்டினல் 2 செயற்கைக்கோள் 2015 முதல், 10 மீட்டர். லாண்ட்சாட் 7-இன் ஒரு கருவி 2003 மே 31-இல் பழுதானது. அதற்குப் பிந்திய அதன் படங்களில் கருங்கோடுகள் இருக்கும். லாண்ட்சாட் 5 2011 இறுதியில் படமெடுப்பதை நிறுத்திவிட்டது. ஆகவே 2012-ஐ முக்கிய ஆண்டாக வைத்தால் கோடு விழுந்த படம்தான் கைக்கு வரும். எல்லா ஆண்டுக்கும் ஒரே பருவத்துப் படம் எடுங்கள். ஒன்று மழைக்காலம், ஒன்று கோடை என்றால் பாதி மாற்றம் இலையுதிர்வாகவே இருக்கும்.

ஒரு புள்ளி எவ்வளவு பசுமை என்று சொல்லும் தாவரக் குறியீட்டை (என்டிவிஐ) கணக்கிடும்போது அலைவரிசை எண்கள் மாறுவதை மறக்க வேண்டாம். அகச்சிவப்பும் சிவப்பும் லாண்ட்சாட் 5, 7-இல் 4-ம் 3-ம், லாண்ட்சாட் 8, 9-இல் 5-ம் 4-ம், சென்டினல் 2-இல் 8-ம் 4-ம். பழைய சூத்திரத்தை அப்படியே ஒட்டிவிட்டு, “காடு திடீரென்று அழிந்துவிட்டது” என்று கண்டுபிடித்தவர்கள் உண்டு.

நில வகைகளும், சறுக்கும் இடமும்

ஆறு அல்லது ஏழு வகை போதும்: காடு, சுழற்சி நிலம், நிலையான வயல், தோட்டப்பயிர், மேய்ச்சலும் புதரும், குடியிருப்பும் சாலையும், நீர். இதில் சுழற்சி நிலத்தில்தான் பெரும்பாலான ஆய்வுகள் சறுக்குகின்றன.

இடப்பெயர்வு வேளாண்மையில், வடகிழக்கில் ஜூம் என்பதில், நம் பழைய சொல்லில் புனத்தில், ஒரு துண்டை வெட்டி எரித்து ஓரிரு ஆண்டு விதைத்து, பிறகு காடு தழையப் பல ஆண்டு விட்டுவிடுவார்கள். ஓராண்டு விதைப்பு, ஒன்பதாண்டு ஓய்வு எனப் பத்தாண்டுச் சுழற்சி என்றால், எந்த ஆண்டு படம் எடுத்தாலும் பத்தில் ஒரு பங்குதான் வயலாகத் தெரியும். மீதியைப் படம் “இளங்காடு” என்னும், வருவாய்த் துறை “தரிசு” என்னும். இரண்டுமே தவறு. அது பயன்பாட்டில் இருக்கும் நிலம், இந்த ஆண்டு ஓய்வில் இருக்கிறது, அவ்வளவுதான். தோட்டத்துக்கு முதலில் கைமாறுவதும் அதுதான். “தரிசு நிலத்தில்தான் நட்டோம், காட்டைத் தொடவில்லை” என்ற வாதத்துக்கு ஆதாரமாவதும் அதே நிலம்தான்.

ஒற்றைப் படத்தில் இதைப் பிடிக்க முடியாது. குறைந்தது 12 முதல் 15 ஆண்டுப் படத் தொடரை எடுங்கள். ஒவ்வோர் ஆண்டும் எரிப்பு முடிந்து விதைக்கும் முன்னான வாரங்களில் ஒவ்வொரு புள்ளியின் மிகக் குறைந்த தாவரக் குறியீட்டைக் கணக்கிடுங்கள். அது 0.3-க்குக் கீழே போனால் அந்த ஆண்டு வெட்டப்பட்டது என்று குறியுங்கள். (0.3 தொடக்க எண். உங்களுக்குத் தெரிந்த இருபது முப்பது இடங்களில் சரிபார்த்து நகர்த்துங்கள்.) இடைவெளி விட்டு இரண்டு முறையாவது வெட்டப்பட்டு மீண்டும் பசுமையானால் அது சுழற்சி நிலம். ஒரே முறை வெட்டப்பட்டுப் பிறகு சீராகப் பசுமை ஏறினால் தோட்டமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

பயிரை இனம் காணுதல்

ரப்பருக்கு இலையுதிர்வுதான் அடையாளம். திரிபுரா, வடக்கு லாவோஸ், சீனாவின் சிசுவாங்பன்னா போன்ற இடங்களில் குளிர்காலத்தில் மரம் மொத்தமாக இலை உதிர்த்து, பிப்ரவரி–மார்ச்சில் சில வாரங்களுக்குள் ஒன்றுபோலத் தளிர்க்கும். இயற்கையான இலையுதிர் காடும் உதிர்க்கும், ஆனால் பல இன மரங்கள் என்பதால் மெதுவாக, திட்டுத்திட்டாகத் தளிர்க்கும். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை மாதம் ஒரு படமாவது எடுத்துக் குறியீட்டை வரைந்து பாருங்கள். ரப்பரின் கோடு கூர்மையாக விழுந்து கூர்மையாக எழும். நிலநடுக்கோட்டுக்கு அருகே இந்த உதிர்வு அவ்வளவு தெளிவாக இராது, அங்கே இந்த முறையை மட்டும் நம்ப வேண்டாம்.

நட்டு மூன்று நான்கு ஆண்டுக்குள்ளான ரப்பர் படத்தில் ரப்பராகத் தெரியாது. 6 க்கு 3 மீட்டரில் நட்டால் ஹெக்டேருக்கு 555 கன்று. இடைவெளியில் மலைநெல்லோ அன்னாசியோ நிற்கும், செயற்கைக்கோள் அதைத்தான் பார்க்கும். இன்றைக்கு முதிர்ந்து நிற்கும் ரப்பரை முதலில் வரைந்து, தொடரில் பின்னோக்கிப் போய், அந்தப் புள்ளி கடைசியாக வெறுமையான ஆண்டைக் கண்டுபிடிப்பதே சரியான வழி. அந்த ஆண்டுதான் நடவு ஆண்டு, ஓராண்டு முன்பின் இருக்கலாம். பால்வெட்டுத் தொடங்க ஏறக்குறைய ஏழு ஆண்டு ஆகும் என்பதால் வீட்டு வருமானம் மாறிய ஆண்டையும் இதிலிருந்தே கணிக்கலாம்.

எண்ணெய்ப்பனை ஆண்டு முழுதும் பச்சை. 9 மீட்டர் முக்கோண நடவில் ஹெக்டேருக்கு 143 மரம். துல்லியமான படத்தில் ஒவ்வொரு மரமும் நட்சத்திரம் போலத் தெரியும், சமதளத்தில் அறுவடைச் சாலைகள் கட்டம் கட்டமாக ஓடும். இது வளரும் ஈரமண்டலத்தில் மேகம் விலகுவதே அரிது என்பதால் மேகத்தை ஊடுருவும் சென்டினல் 1 ரேடார் படத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வாழை ஓராண்டுக்குள் குலை தள்ளி அறுவடைக்கு வரும் என்பதால், அதற்கு மரத்தோட்டக் கணக்கு பொருந்தாது. லாவோசின் பொக்கியோ, லுவாங் நம்தா பகுதிகளில் குத்தகை வாழை இறங்கியது சரிவில் அல்ல, பள்ளத்தாக்கின் நெல்வயலில். நேர்கோட்டு வடிகால்களும் சிப்பம் கட்டும் கொட்டகையும் அடையாளம். குத்தகை முடிந்து வாழை போனாலும் நிலம் உடனே நெல்லுக்குத் திரும்பாது. வரப்புகள் அழிக்கப்பட்டிருக்கும், பாத்தி உயர்த்தப்பட்டிருக்கும், மண்ணில் மருந்து தங்கியிருக்கும். படத்தில் வெற்று நிலமாகத் தெரிவதை “நெல்லுக்குத் திரும்பியது” என்று எழுதுமுன் வரப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

தேயிலையில் ஒரு பொறி உண்டு. நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறை கவ்வாத்து செய்த (கிளைகளை வெட்டிவிட்ட) பகுதி பழுப்பாகத் தெரியும், கணினி அதை அழிப்பு என்று எண்ணிக்கொள்ளும். ஏலமும் காப்பியும் இதற்கு நேர் எதிர்: மேலே நிழல் மரம் நிற்பதால் படத்தில் காடாகவே இருக்கும். தமிழக–கேரள எல்லையின் ஏலமலைகளை 30 மீட்டர் படத்தை மட்டும் வைத்து வகைப்படுத்தினால் தோட்டம் காணாமலே போகும். அங்கே களப்பணியும் நிலப் பதிவும்தான் கைகொடுக்கும்.

அரசுப் புள்ளிவிவரத்தைப் படிக்கும்போது

“வனப்பரப்பு” என்ற சொல்லுக்கு எல்லைக்கு எல்லை பொருள் மாறும். இந்திய வனக் கணக்கெடுப்பில் ஒரு ஹெக்டேருக்கு மேல் பரப்பும் 10 சதவீதத்துக்கு மேல் மரக்கவிப்பும் (மரக்கிளைகள் தரையை மூடும் அளவு) இருந்தால், யார் நிலமாக இருந்தாலும், என்ன மரமாக இருந்தாலும் அது வனப்பரப்புதான். ஐ.நா. உணவு வேளாண் நிறுவனத்தின் உலகக் கணக்கில் ரப்பர் காட்டில் சேரும், எண்ணெய்ப்பனை சேராது. இரு நாட்டு எண்களை அப்படியே பக்கத்தில் வைத்தால் காடு கூடியதாகவோ குறைந்ததாகவோ தோன்றுவது வெறும் வரையறை வேறுபாடாக இருக்கலாம். உலக அளவிலான காடழிப்பு வரைபடங்களிலும் இதே தொல்லை. முதிர்ந்த ரப்பரை வெட்டி மறுநடவு செய்வதும் அவற்றில் மரக்கவிப்பு இழப்பாகவே விழும்.

உரிமம் கொடுத்த பரப்பையும் நட்ட பரப்பையும் ஒன்றாக எண்ண வேண்டாம். தாய்லாந்தை ஒட்டிய மியான்மரின் தனிந்தாரியில் எண்ணெய்ப்பனைக்கென ஒதுக்கிய நிலத்தில் பெரும்பகுதி நடப்படவே இல்லை, மரம் மட்டும் வெட்டப்பட்ட இடங்கள் உண்டு. இந்தோனேசியா 2005-இல் கலிமந்தானின் மலேசிய எல்லையோரம் 18 லட்சம் ஹெக்டேர் எண்ணெய்ப்பனைத் திட்டத்தை அறிவித்தது. அந்தப் பட்டியின் பெரும்பகுதி செங்குத்தான மலை, பயிருக்கு ஒவ்வாதது. எதிர்ப்புக்குப் பின் திட்டம் சுருங்கியது. எல்லையில் தோட்டத் திட்டம் வரும்போது சரிவு வரைபடத்தை உடனே போட்டுப் பாருங்கள். 25 பாகைக்கு மேற்பட்ட சரிவு அதிகம் என்றால், நோக்கம் பனையா, மரமா, எல்லையில் ஆள் குடியேற்றுவதா என்று கேட்க இடமுண்டு.

மாற்ற அட்டவணை

இரண்டு ஆண்டு வரைபடங்களையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, எந்த வகை எந்த வகையாயிற்று என்று அட்டவணை போடுங்கள். கற்பனையான 10,000 ஹெக்டேர் பட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். தொடக்கத்தில் காடு 4,000, சுழற்சி நிலம் 3,500, வயல் 1,500, மேய்ச்சல் 1,000. இருபது ஆண்டு கழித்து:

காடு 4,000: காடாகவே 3,100, தோட்டம் 600, சுழற்சி நிலம் 300.
சுழற்சி நிலம் 3,500: அப்படியே 1,500, தோட்டம் 1,700, காடு 100, குடியிருப்பும் சாலையும் 200.
வயல் 1,500: அப்படியே 1,200, தோட்டம் 250, குடியிருப்பு 50.
மேய்ச்சல் 1,000: அப்படியே 700, தோட்டம் 300.

தோட்டம் மொத்தம் 2,850. அதில் காட்டை நேரடியாக அழித்தது 600 மட்டும். பல அறிக்கைகள் இந்த எண்ணோடு நின்றுவிடும். காட்டிலிருந்து சுழற்சி நிலமான 300-ஐப் பாருங்கள்: தோட்டத்துக்கு நிலம் விட்டவர்கள் மேலே ஏறிப் புதிதாக வெட்டியதாக இருக்கலாம். அதை உறுதி செய்ய, அந்த 300 ஹெக்டேரும் வெட்டப்பட்ட ஆண்டுகள் நடவு ஆண்டுகளுக்குப் பின் வருகின்றனவா என்று பாருங்கள். முன்பே வெட்டப்பட்டிருந்தால் காரணம் வேறு.

இன்னொரு கணக்கு இதைவிட முக்கியம். முன்பு 3,500 ஹெக்டேரில் பத்தாண்டுச் சுழற்சி என்றால் ஆண்டுக்கு 350 ஹெக்டேர் விதைத்தார்கள். உண்ணும் வாய் குறையாமல் அதே 350 தேவை என்றால், இப்போதுள்ள 1,800 ஹெக்டேரில் சுழற்சி ஐந்தாண்டாகச் சுருங்கும். ஒன்பதாண்டு ஓய்வு நான்காகும். களை பெருகும், மண் தேறாது, விளைச்சல் விழும். வரைபடத்தில் அந்த 1,500 ஹெக்டேர் “மாற்றமில்லை” என்று ஒரே நிறத்தில் நிற்கும். உண்மையில் மிக அதிகமாக மாறியது அதுவாக இருக்கக்கூடும்.

பிழையைக் கழித்த பரப்பு

வரைபடத்தின் பரப்பை அப்படியே அறிவிக்க வேண்டாம். வகைக்குக் குறைந்தது 50, முடிந்தால் 100 புள்ளிகளைக் கண்மூடித் தேர்வாக எடுத்து, துல்லியமான படத்திலோ களத்திலோ சரிபாருங்கள். மேலே உள்ள எடுத்துக்காட்டில் தோட்டம் என்று வரைந்த 2,850-இல் எடுத்த 100 புள்ளிகளில் 85 சரி. மற்ற 7,150-இல் எடுத்த 100-இல் 4 உண்மையில் தோட்டம் என்று வைப்போம். 2,850 × 0.85 = 2,422; 7,150 × 0.04 = 286; திருத்திய பரப்பு ஏறக்குறைய 2,710 ஹெக்டேர். சிறிய விடுபடல் விகிதம்கூடப் பெரிய பரப்பால் பெருக்கப்படும்போது எண்ணை அசைத்துவிடும். எல்லையின் இருபுறத்துக்கும் இந்தச் சோதனையைத் தனித்தனியே செய்யுங்கள். ஒருபுறம் களம் போக முடிந்து மறுபுறம் முடியாமல் போவது வழக்கம். அப்போது இருபுறத்தையும் படத்தில் மட்டும் சரிபார்த்து ஒப்பிடுவதே நேர்மை.

களத்தில்

மிசோரம் போன்ற மாநிலங்களுக்குள் வெளியார் நுழைய உள்கோட்டு அனுமதி தேவை. எல்லைக் காவல் படைக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும் எழுத்தில் தெரிவித்துவிட்டுப் போங்கள். ட்ரோன் வேண்டாம். இந்தியாவில் அனுமதியில்லாச் செயற்கைக்கோள் தொலைபேசி கையில் இருந்தால் வழக்கு வரும்.

கேட்க வேண்டிய கேள்விகள்: முதல் கன்று எந்த ஆண்டு, யார் கொடுத்தது? நிலம் குடும்பத்துடையதா, ஊருடையதா? ஒப்பந்தம் எப்படி? லாவோசில் இதற்கே தனிப் பேச்சு உண்டு: நிலமும் உழைப்பும் ஊராருடையது, முதலும் தொழில்நுட்பமும் சந்தையும் நிறுவனத்துடையது என்றால் “2+3”, நிலம் மட்டும் ஊராருடையது, மற்ற நான்கும் நிறுவனத்துடையது என்றால் “1+4”. காகிதத்தில் 2+3 என்று தொடங்கி, பால் வெட்டும் காலம் வருமுன் கைச்செலவுக்கு வழியின்றி 1+4 ஆனதா என்று கட்டாயம் கேளுங்கள். மாடுகள் இப்போது எங்கே மேய்கின்றன? விறகு எவ்வளவு தூரம்? விதைப்புக்குப் போகும் நடை எத்தனை மணி நேரம்? கூலியாட்கள் எங்கிருந்து வருகிறார்கள்? தேனி மாவட்டத்தின் கம்பம், போடியிலிருந்து இடுக்கி ஏலத் தோட்டங்களுக்குக் காலையில் ஜீப் ஏறிப் போய் மாலையில் திரும்புவதுபோல எல்லை தாண்டும் உழைப்பு இருந்தால், ஆள் புறப்படும் ஊரின் வயலில் என்ன நடக்கிறது என்பதும் உங்கள் கணக்கில் வர வேண்டும்.

எல்லைதான் காரணமா

கோட்டின் ஒருபுறம் ரப்பர், மறுபுறம் காடு என்பதால் கொள்கைதான் காரணம் என்றாகிவிடாது. பல எல்லைகள் மலைமுகட்டில் ஓடுகின்றன. இருபுறமும் மழையும் மண்ணும் வேறு. இருபுறத்தையும் ஒரு கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்து, உயரம் 100 மீட்டருக்குள்ளும் சரிவு 5 பாகைக்குள்ளும் சாலைத் தூரம் 2 கிலோமீட்டருக்குள்ளும் ஒத்த கட்டங்களை மட்டும் இணை சேர்த்து ஒப்பிடுங்கள். இணை சேராத கட்டங்கள் எத்தனை என்பதையும் எழுதுங்கள்.

வங்கதேசத்தின் பஞ்சகர் மாவட்டத்தில் வணிகத் தேயிலை 2000-ஆம் ஆண்டுவாக்கில் தொடங்கியது. எல்லைக்கு இந்தப் பக்கம் வடவங்கத்தில் தேயிலை அதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் மூத்தது. தரை ஒன்றே, காலம்தான் வேறு. இத்தகைய இடங்களில் ஒரே ஆண்டை இருபுறமும் ஒப்பிடுவதைவிட, முதல் நடவிலிருந்து எத்தனையாவது ஆண்டு என்று வரிசைப்படுத்தி ஒப்பிட்டால் அதிகம் தெரியும்.

இந்தியாவில் வெளியிடும் வரைபடத்தில் நாட்டின் வெளி எல்லை சர்வே ஆஃப் இந்தியா வரைபடத்தோடு பொருந்த வேண்டும். கணக்குக்கு எந்தக் கோட்டைப் பயன்படுத்தினாலும் அச்சுக்குப் போகுமுன் இதைச் சரிபாருங்கள்.

ரப்பர் 25 முதல் 30 ஆண்டில் வெட்டப்படும். விலை விழுந்தால் அதற்கு முன்பே. வெட்டிய உடனே எடுத்த படத்தை வைத்து “தோட்டம் குறைகிறது” என்று எழுத வேண்டாம். இரண்டு உலர்பருவம் காத்திருந்தால் அங்கே மீண்டும் ரப்பர்க் கன்றா, வாழையா, புனமா என்று தெரியவரும். மூன்றாவது பருவமும் வெறும் புதராகவே நின்றால் நில உரிமையில் தகராறு இருக்கிறதா என்று ஊரில் போய்க் கேளுங்கள்.